வால் தூக்கிய எலியும் தாயில்பட்டிப் பெண்ணும்

நான் பார்க்காத ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் குறை ஒன்றுமில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மை துடைத்த துணியை அலசிப் போடச் சேர்ந்தவன் நான். அதே தெருவில் இன்றைக்கு என் அச்சகம் ஓடுகிறது. நான் அடித்த காலண்டர் தொங்காத மளிகைக் கடையைக் காட்டினால் அந்தக் கடைக்காரருக்கு விருந்து வைப்பேன். பட்டாசு முதலாளிகள், டாக்டர்கள், வக்கீல்கள், மேடை கிடைத்தால் இறங்காதவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. எல்லாருக்கும் ஒரே குணம்தான்: ஒரு மடங்கு செய்தால் நாலு மடங்கு சொல்வார்கள். நானும் அப்படித்தான். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?

இதற்கு எதிராக ஒரே ஓர் ஆளைப் பார்த்தேன், பக்கத்து ஊர்க்காரி. தாயில்பட்டிப் பெண். கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு சொல் சேர்க்க மாட்டாள். நாம் சேர்த்தாலும் விட மாட்டாள். அவள் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "என் பேரைப் போட்டா, கூட வேலை பார்த்த எல்லார் பேரையும் போடணும் பாய். போடுவீகளா?" என்றாள். அத்தனையும் வடக்கத்திப் பெயர், வெள்ளைக்காரப் பெயர். எழுத்துக்கூட்டவே எனக்கு ஒரு வாரமாகும். அதனால் பெயர் இல்லை.

அவளுடைய அம்மா பட்டாசு ஆலையில் திரி செய்கிறவர். கல்லூரி லீவில் இந்தப் பெண் என் அச்சகத்துக்கு வேலைக்கு வரும். தினசரிக் காலண்டரின் தேதித்தாள்கள் வரிசையாக இருக்கின்றனவா என்று புரட்டிப் பார்க்கிற வேலை. ஒரு நாள் லோடு ஏற்றுகிற அவசரத்தில், "எல்லாம் சரியா இருக்கா தாயி?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் "இருக்கு முதலாளி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

"நான் பார்த்த கட்டு சரியா இருக்கு பாய்."

"அப்ப மத்தது?"

"மத்ததை நான் பார்க்கலையே."

லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு கட்டு சரின்னா எல்லாம் சரிதானம்மா, ஒரே மிஷின்தான?" என்றேன். "இருக்கலாம்" என்றாள். அந்த 'இருக்கலாம்' எனக்கு உள்ளே போய் உறுத்தியது. லாரியை நிறுத்திவிட்டுப் பிரித்துப் பார்த்தால், கடைசிக் கட்டுகளில் ஒரு புதன்கிழமையையே காணோம். சனங்கள் செவ்வாய்க்கு மறுநாள் வியாழனுக்குப் போயிருப்பார்கள். அன்றைக்கே நான் என் வீட்டம்மாவிடம் சொன்னேன், இது பெரிய இடத்துக்குப் போகிற பிள்ளை என்று. நான் சொன்னது பலிக்காமல் போனதே இல்லை.

போனாள். படித்து, மேலே படித்து, வடக்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே என்ன வேலை என்று கேட்டால், "எலி பார்த்துக்கறேன்" என்பாள். ஊரில் சிரித்தார்கள். "அம்புட்டுப் படிச்சு எலி மேய்க்கப் போயிருக்காளாம்." அதற்கும் அவள் கோபப்படவில்லை. மேய்ப்பதும் அந்த வேலையில் உண்டுதான் என்றாள்.

இப்போது என் மகள் சபீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மிஷினுக்குக் கண் அவள்தான். கலர் புரூஃப், அதாவது சோதனைக்கு அடித்த தாள், வந்தால் லென்ஸை வைத்து, குனிந்து, வலது கண்ணால் பார்த்து, எந்த மை கூட, எந்த மை குறைவு என்று சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. ஒரு வருஷம், சித்திரைக் காலண்டர் சீசனில், "அத்தா, சிவப்பு கம்மியா ஓட்டியிருக்காக" என்றாள். மிஷின்காரரை ஏசிவிட்டு, சிவப்பைக் கூட்டச் சொன்னேன். மறுபடியும் பார்த்தாள். "இன்னும் கம்மி." கூட்டினோம். "இன்னும்." மிஷின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "முதலாளி, இதுக்கு மேல கூட்டுனா ரத்தம்தான் ஊத்தணும்" என்றார். "ஏலே, என் மகளை விட உனக்குத் தெரியுமோ?" என்று சத்தம் போட்டு அடிக்க வைத்தேன். சிரிக்கிற குழந்தை படம் போட்ட காலண்டர் அது. ஆர்டர் கொடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன பாய், பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டார். மொத்த லோடும் திரும்பி வந்தது.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த தாயில்பட்டிப் பெண் எங்களைப் பார்க்க வந்த நேரம், நான் மிஷின்காரரை மறுபடி ஏசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த காலண்டரை எடுத்துப் பார்த்தாள். சபீனா லென்ஸில் குனிவதையும் பார்த்தாள். பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் சபீனாவின் இடது கண்ணை மூடினாள்.

"இந்தச் சிவப்பு எப்படி இருக்கு?"

"துவைச்சு வெளுத்த துணி மாதிரி."

கையை மாற்றி வலது கண்ணை மூடினாள். "இப்ப?"

சபீனா காலண்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்தாள். "ஐயோ அக்கா, இது ரத்தமால்ல இருக்கு" என்றாள்.

மிஷின் நல்லாத்தான் ஓடியது. கண்தான் மை குறைந்து போயிருந்தது. கண்ணைத் திருப்பினால் வலிக்கிறது என்பதையும் அப்போதுதான் சொன்னாள். அது என்ன நோய் என்று கேட்டேன். "நான் டாக்டர் இல்ல பாய். ரெண்டு கண்ணுக்கு ரெண்டு சிவப்பு தெரியுது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். நாளைக்கே மதுரைக்குப் போய் நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்து, நாளை வரை காத்திருக்காமல் அன்றைக்கே வண்டி எடுத்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளையிலும் முதுகுத்தண்டிலும் அங்கங்கே வெள்ளைத் திட்டு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று டாக்டர் சொன்னார். எனக்கு அந்தப் பேர் வாயில் நுழைய மூன்று நாள் ஆனது. என்ன கொடுமை பாருங்கள், தாயில்பட்டிப் பெண் எலி மேய்ப்பது இதே நோய்க்குத்தான். அதனால்தான் பார்த்தவுடன் கையை வைத்துக் கண்ணை மூடியிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னேன். என்னைப் போல் கேட்டுப் புரிந்துகொள்கிறவன் இந்த ஊரிலேயே கிடையாது. அவள் சொன்னது இதுதான். நரம்பு என்பது கரண்டு வயர் மாதிரி, மேலே ஓர் உறை உண்டு. உடம்பைக் காக்கிற வெள்ளை அணுக்களே, எதிரி என்று தப்பாக நினைத்து அந்த உறையைக் கடித்துவிடுகின்றன. உறை போன இடத்தில் கரண்டு ஒழுங்காகப் போகாது. கண், கால், கை என்று எங்கே வேண்டுமானாலும் அடிக்கும்.

"ஏன் அப்படித் தப்பா நினைக்குது?"

"அது முழுசா யாருக்கும் தெரியாது பாய்."

"சரி, நீங்க என்ன செய்றீக?"

"அந்த அணு தானா கடிக்கப் போறதில்ல. இன்னொரு அணு அதுக்குச் சேதி சொல்லுது, அந்தா எதிரின்னு. அந்தச் சேதி போய்ச் சேராம நடுவுல தடுக்கப் பார்க்கறோம்."

எனக்குப் பொறி தட்டியது. "சரவெடி! ஒரு வெடியில இருந்து அடுத்த வெடிக்குத் தீ ஓடுற திரியை நடுவுல நனைச்சு விடுறீக. வெடி அப்படியே இருக்கும், வெடிக்காது. அதான?"

தாயில்பட்டிக்காரி இல்லையா, சிரித்துவிட்டாள். "ஏறக்குறைய. எங்க அம்மா கேட்டா சந்தோசப்படும். ஆனா முழுசா அப்படி இல்ல பாய். திரியை எல்லாம் நனைச்சுட்டா, நெசமாவே எதிரி வந்தாலும் ஒண்ணும் வெடிக்காது. காய்ச்சலும் கிருமியும் வந்து உக்காந்துக்கும். எந்தத் திரின்னு பார்த்து, அதை மட்டும் நனைக்கணும். அதுதான் கஷ்டம்."

"எலிக்கு நோய் வந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்கதான் வர வைக்கறோம். முதல்ல வால் தொங்கிப்போகும். அப்புறம் பின்னங்கால் இழுக்கும்."

"பாவமில்லையாக்கா?" என்று சபீனா கேட்டாள்.

"பாவந்தான்" என்றாள். அதற்கு மேல் ஒரு சமாதானமும் சொல்லவில்லை.

மதுரை டாக்டர் சபீனாவுக்கு ஊசி எழுதிக் கொடுத்தார். ஃபிரிட்ஜில் வைத்து, வாரத்துக்கு மூன்று தடவை அவளே குத்திக்கொள்ள வேண்டும். நோயைப் போக்காது, அடிக்கடி வராமல் பார்த்துக்கொள்ளும் என்றார். குத்தின அன்றைக்கெல்லாம் காய்ச்சல் அடிக்கும், மேல் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு குத்திக்கொண்டாள். கண்ணில் சிவப்பும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம். ஆர்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன், வடக்கே இருந்து அவள் போன். "பாய், ஒரு விசயம். மருந்து குடுத்த எலிங்கள்ல சிலது வால் தூக்கிருச்சு. அதுல ரெண்டு மூணு, கூண்டுக் கம்பியில ஏறுது. சிலதுக்குத் தூக்கலை."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பின்பாதியை நான் கேட்கவே இல்லை. வால் தூக்கிருச்சு! கம்பியில் ஏறுது! மிஷினை நிறுத்தி, எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன். என் மகளைப் பிடித்த நோயை, என் அச்சகத்தில் தேதி பார்த்த பெண் பிடித்துவிட்டாள். இதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பவன் மனுஷனா?

ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் அடுத்த வருஷக் காலண்டர்களை வெளியே காட்டுவோம். அந்த ஆடிக்கு, தெரிந்தவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பதற்கென்றே ஒரு தனிக் காலண்டர் போட்டேன். தங்க எழுத்து. "நரம்பு உறை நோய்க்கு மருந்து கண்டாள் நம் மண்ணின் மகள்!" ஓரத்தில் கம்பி ஏறும் எலி படம். அதை விட அழகான காலண்டரை நான் இன்னும் போடவில்லை. முதல் பிரதியைச் சபீனாவின் கட்டிலுக்கு எதிரே ஆணி அடித்து மாட்டினேன். தாயில்பட்டிப் பெண்ணுக்கு அனுப்பவில்லை. வரும்போது காட்டி அசத்தலாம் என்று வைத்திருந்தேன்.

தீபாவளி சீசன் நெருங்கியது. ஒரு நாள் காலையில் சபீனா நடந்து வரும்போது இடது செருப்பு தனியாகக் கழன்று பின்னால் கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அந்தக் கால் தரையில் இழுத்தது. அதற்கு அடுத்த நாள் கட்டைவிரலைக்கூட அசைக்க முடியவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்த என் வீட்டம்மா அங்கேயே நின்றுவிட்டாள். ஊசி டப்பாக்கள் அடுக்கினது அடுக்கினபடி இருந்தன.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?" என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன்.

சபீனா காலண்டரைக் கை காட்டினாள். "நீங்கதான அத்தா அச்சடிச்சு மாட்டுனீக? மருந்துதான் வந்துருச்சே. அது கைக்கு வர வரைக்கும் இந்தக் குத்தும் காய்ச்சலும் எதுக்குன்னு நினைச்சேன்."

நான் தாயில்பட்டிக்குப் போன் போட்டேன்.

தாயில்பட்டிப் பெண் அப்போது லீவில் அம்மாவிடம் வந்திருந்தாள். சேதி சொன்னதும், ஆலைக்கு ஆள் ஏற்றி வந்த வேனிலேயே ஏறி வந்துவிட்டாள். நேராகச் சபீனாவிடம் போய்ப் பாதத்தை விரலால் தடவி, "இது தெரியுதா? இது?" என்று கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள். எதிரே தங்க எழுத்து.

அதை இரண்டு தடவை வாசித்தாள்.

"இதுல எலி எங்க பாய்?"

"ஓரத்துல போட்டிருக்கேன் பாரு தாயி, கம்பியில ஏறுது."

"படத்துல இருக்கு. எழுத்துல எங்க?"

ஏசியிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏசத் தெரிந்தவன் நான். அவள் ஏசவில்லை. போனை எடுத்துச் சபீனாவின் மடியில் வைத்து ஒரு வீடியோவைப் போட்டாள். ஓர் எலி தொங்கின வாலோடு கிடக்கிறது. அடுத்ததில் அதே எலி வாலைத் தூக்கிக்கொண்டு கம்பியில் ஏறுகிறது. சபீனாவின் கண் விரிந்தது, என் கண்ணும்தான். "பொறு, வீடியோ இன்னும் முடியலை" என்று அடுத்ததைப் போட்டாள். மருந்துக்குக் கேட்காத எலிகளைக் காட்டினாள். அவை நகரவில்லை. கடைசியாக, முதலில் கம்பியில் ஏறின அதே எலி. மறுபடியும் வால் தொங்கிக் கிடந்தது.

"இதுக்கு என்னக்கா ஆச்சு?"

"மருந்தை நிறுத்திப் பார்த்தோம்."

சபீனா அந்த எலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "என் ஊசியை எடுங்க, குத்திக்கறேன்" என்றாள்.

"இப்ப நீயாக் குத்த வேண்டாம். கால் போயிருக்கு, முதல்ல டாக்டர் பார்க்கட்டும்."

"அக்கா, உங்க மருந்து எனக்கு வருமா?"

"தெரியாது."

"எனக்குக் கால் சரியாகுமா?"

"தெரியாது சபீனா. சரியாகிறவங்க இருக்காங்க. முன்ன உனக்குக் கண் திரும்பிச்சு, அதை நான் பார்த்தேன்."

இப்படியா ஒரு நோயாளிப் பெண்ணிடம் பேசுவது என்று எனக்குப் பதறியது. ஆனால் சபீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் எத்தனை தடவை "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லியிருப்பேன்! அப்போதெல்லாம் என் கையை அவள் அப்படிப் பிடித்ததில்லை.

காலண்டர் ஏற்றுகிற வேனிலேயே மதுரைக்குப் போனோம். ஊசியை எத்தனை நாளாக விட்டாய் என்று டாக்டர் கேட்டார். சபீனா தயங்கி, "ரெண்டு வாரம் இருக்கும்" என்றாள். பின்னால் நின்ற தாயில்பட்டிப் பெண், "டப்பாவை எண்ணிப் பார்த்தேன் டாக்டர். ஏழு வாரம்" என்றாள். சபீனா திரும்பி முறைத்தாள். டாக்டர் எழுதிக்கொண்டார். அன்றைக்கே சேர்த்து, டிரிப்ஸில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தே அச்சகத்துக்குப் போன் போட்டேன். "எலிகளில் மட்டும். மனிதர்களுக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை." இந்த இரண்டு வரியைச் சீட்டாக அடித்து, கொடுத்த காலண்டர் எல்லாவற்றிலும் தங்க எழுத்தின் மேலே ஒட்டச் சொன்னேன். கடை கடையாக ஆள் போனது. ஒரு மளிகைக்காரர், "என்ன பாய், கடைசியில எலி மருந்தா? எங்க கடையில எலித் தொல்லை ஜாஸ்தி, கொஞ்சம் அனுப்புங்க" என்று போனிலேயே கிண்டல் அடித்தார். அடிக்கட்டும். அந்தச் சீட்டை நான் இன்றைக்கும் கிழிக்க விடவில்லை. ஏனென்றால் இன்றைக்கும் நிலைமை அதுதான்.

லீவு முடிந்து அவள் ரயிலுக்குக் கிளம்பினாள். போகும்போது, "கால் எப்படி இருக்குன்னு நான் கேட்டா, நல்லாருக்குன்னு சொல்லாதீக பாய். பார்த்ததைச் சொல்லுங்க" என்றாள். அவள் வடக்கே இருந்து இப்போது வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். நான் அவளை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

அவள் ரயிலேறிய நாலாம் நாள் காலை, ஆஸ்பத்திரியில். சபீனாவுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். போர்வைக்கு வெளியே அவள் இடது பாதம் தெரிந்தது. கட்டைவிரல் லேசாக மேலே வந்து இறங்கியது. டீயைக் கீழே வைத்தேன். "சபீனா, இன்னொரு தடவை." மறுபடியும் வந்தது. டம்ளர் உருண்டது, நர்ஸ் ஓடி வந்தார். "குணமாயிருச்சு! என் மகளுக்குக் குணமாயிருச்சு!" என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் முழுங்கின ஒரே பேச்சு அது.

போனைப் போட்டேன். எடுத்தாள்.

"தாயி, கட்டைவிரல் அசையுது."

"எந்தக் கால்?"

"இடது."

"மேல தூக்குதா, கீழ அமுக்குதா?"

"மேல. ரெண்டு தடவை."

"மத்த விரல்?"

"மத்தது அசையலை. கால் இன்னும் எந்திரிக்கலை. இது மட்டும்தான் பார்த்தேன்."

அந்தப் பக்கம் திடீரென்று நாற்காலி இழுபடுகிற சத்தம், கதவு அடிபடுகிற சத்தம். பிறகு, குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டிராத அந்தப் பெண், தமிழே தெரியாத அந்த ஆராய்ச்சிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு ஓடினாள்:

"கட்டைவிரல் அசையுதாம்! ஏ, கட்டைவிரல் அசையுதாம்!"